ஏழாவது இடம்

வெள்ளம் வந்தால் படகில் முதலில் யார் போவது என்று பட்டியல் எழுதும் வேலை எனக்குத் தரப்பட்டபோது, அதைப் படிவம் நிரப்பும் வேலை என்றுதான் நினைத்தேன்.

நான் தன்னாமுனைக்காரி. பட்டப்படிப்பு முடித்து, வேலைக்காக வீட்டில் காத்திருந்து அலுத்துப்போன பிறகு அபிவிருத்தி உத்தியோகத்தர் நியமனம் கிடைத்தது. முதல் பணியிடம் கிரானுக்கு மேற்கே, வயல் வட்டைகளைத் தாண்டி இருந்த ஓர் ஊர். காலையில் ஸ்கூட்டியில் போய்ப் பின்னேரம் திரும்பிவிடுவேன். மாரி மழைக் காலத்தில் அது நடக்காது. மேலே குளங்கள் நிரம்பி வான் பாய்ந்தால் ஊருக்குப் போகும் ஒரே பாதை தண்ணீருக்குள் போய்விடும். வழியில் ஒரு சின்னப் பாலம் இருக்கிறது. அதன் கைப்பிடிக் கட்டைகூட வெளியே தெரியாது. பிறகு கிரான் பக்கம் போவதென்றால் படகுதான்.

முந்திய மாரியில் ஒரு பெண் படகுக்குக் காத்திருந்து கரையிலேயே பிள்ளை பெற்றாள். அதற்குப் பிறகுதான் எங்கள் பணிமனைக்கு இந்த யோசனை வந்தது. மழைக்கு முன்பே வீடு வீடாகப் போக வேண்டும். யாருக்கு என்ன வருத்தம், கையில் எத்தனை நாளைக்கு மருந்து இருக்கிறது, நடக்க முடியுமா என்று கேட்டு எழுத வேண்டும். அதிலிருந்து முதலில் ஏற்ற வேண்டியவர்களைத் தெரிந்தெடுத்து, ஊர்க்கூட்டத்தில் சம்மதம் வாங்கி, மண்டபத்தில் ஒட்ட வேண்டும்.

நான் படித்தது புவியியல். வருத்தங்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அதனால் அந்தப் பகுதியின் மருத்துவிச்சியான குடும்பநல உத்தியோகத்தரை என்னோடு சேர்த்துவிட்டார்கள். ஊரார் அவரை ‘மிஸ்ஸி’ என்பார்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர். அந்த ஊரில் இருந்த பாதிப் பிள்ளைகளை வயிற்றில் இருந்த நாளிலிருந்தே அவருக்குத் தெரியும். நான் அவரை அக்கா என்பேன். அவர் என்னைப் புள்ள என்பார்.

பத்து நாட்கள் நடந்தோம். கேட்கக் கேட்க ஆட்கள் சொன்னார்கள். சீனி வருத்தம், பிறசர், முட்டு, மூட்டு நோ. சிலர் கிளினிக் கொப்பியைக் கொண்டுவந்து காட்டினார்கள். சிலர் பக்கத்து வீட்டுக்காரரின் வருத்தத்தையும் சேர்த்துச் சொன்னார்கள். நான் எழுதிக்கொண்டே போனேன்.

படகுக்காரரின் வீட்டுக்கு ஒரு பின்னேரம் போனோம். அவர் அன்றைக்குக் கடைக்குப் போயிருந்தார். மனைவி மட்டும் முற்றத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்து எஞ்சினின் பிளக்கைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான, அதிகம் பேசாத பெண். பிள்ளைகள் இரண்டு பேரும் கலியாணம் முடித்து வேறு ஊர்களில் இருந்தார்கள்.

“வீட்டில் யாருக்காவது வருத்தம்?” என்று கேட்டேன்.

“எங்கட ஊட்ட ஒரு வருத்தமும் இல்ல புள்ள.”

‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த வீட்டில் கர்ப்பிணியும் இல்லை, சின்னப் பிள்ளையும் இல்லை. மிஸ்ஸிக்கும் அங்கே கேட்க ஒன்றும் இருக்கவில்லை. அந்தப் பெண் தேத்தண்ணி குடிக்கச் சொன்னார். நேரமில்லை என்று வந்துவிட்டோம்.

*

கூட்டத்துக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. கிராம சேவகர் என்னை அறிமுகப்படுத்திவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொண்டார். நான் படகுக்காரரிடம் எத்தனை பேரை ஏற்றலாம் என்று கேட்டேன். அவர் தூணில் சாய்ந்து நின்றார். பாலத்தடியில் நீர் எப்படி இழுக்கும், எங்கே வளைத்து எடுக்க வேண்டும் என்பதெல்லாம் அந்த ஊரில் அவருக்குத்தான் தெரியும்.

“என்னோட சேத்துப் பத்துப் பேர்,” என்றார். “பதினொண்டு ஏத்தினா நான் எடுக்கமாட்டன்.”

அவர் ஒருவர். நோயாளிகளைப் பார்க்க மிஸ்ஸி. அக்கரையில் அம்புலன்சில் ஒப்படைக்கப் பட்டியலோடு நான். “மற்றது என்ட பொஞ்சாதி,” என்றார் அவர். அப்படிப் பார்த்தால் மிஞ்சியது ஆறு இடம்.

நெல் ஆலையில் வேலை செய்த ஒருவருக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. கிழமைக்கு இரண்டு தரம் பெரியாஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். அவர் எழும்பி நின்றார்.

“நான் முதலாவது எண்டு கேக்கல்ல. செவ்வாயும் வெள்ளியும் போகோணும். ஒரு நாள் பிந்தினா மூச்சு முட்டும். ரெண்டு நாள் பிந்தினா நீங்க என்னப் பட்டியல்ல இருந்து வெட்டிரலாம்.”

யாரும் எதிர்த்துப் பேசவில்லை. அவரை முதலாவதாக எழுதினேன். மாதம் நிறைந்த கர்ப்பிணிகள் இருவர். இன்சுலின் போடும் பத்து வயதுப் பெண்பிள்ளையும் அவளுடைய தாயும். முட்டு வந்தால் மருந்துப் புகை பிடிக்கும் மெசின் இல்லாமல் மூச்சுவிட முடியாத ஒரு பெண். ஆறும் முடிந்தது.

அப்போது ஒரு மேசன் எழும்பினார். என் வயதுதான் இருக்கும். அவருடைய தகப்பனுக்குப் பாரிசவாதம். ஒரு பக்கம் இயங்காது. சிறுநீர் போகக் குழாய் போட்டிருந்தார்கள்.

“எங்கட அப்பாட பேர் எங்க மிஸ்?”

“அவர் இப்ப ஓரளவு நல்லா இருக்கார். ரெண்டாவது தரத்தில போகலாம்.”

“குழாய் அடைச்சா? அது உங்கட தரம் பாத்தா அடைக்கும்?”

நான் மிஸ்ஸியைப் பார்த்தேன். மிஸ்ஸி, “அவர் கேக்கிறதும் ஞாயம்தான்,” என்றார். பின்னாலிருந்து யாரோ குரல் கொடுத்தார். “படகுக்காரன்ட பொஞ்சாதிக்கு என்ன வருத்தம்? புருசன உட்டுட்டு இரிக்கேலாத வருத்தமா?”

மண்டபம் சிரித்தது. அந்த மனிதர் எங்கே போனாலும் மனைவி படகில் இருப்பார் என்பது ஊருக்குப் பழைய பகிடி. மீனுக்குப் போனாலும், மணல்மேட்டுக்கு விறகு ஏற்றப் போனாலும் படகின் பின்பக்கம் அவரும் உட்கார்ந்திருப்பார். சந்தேகக்காரி என்று பெயர். படகுக்காரரும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். வாசல் பக்கம் நின்ற அந்தப் பெண் சிரிக்கவில்லை.

“அந்த இடத்த எங்கட அப்பாக்குத் தாங்க,” என்றார் மேசன்.

எல்லாரும் சரி என்றார்கள். எனக்கும் அது சரியாகவே பட்டது. ஏழாவதாக அவருடைய தகப்பனின் பெயரை எழுதினேன்.

*

அடுத்த நாள் காலை ஊருக்குள் நுழையும் இடத்தில் அந்தப் பெண் பாதையோரம் நின்றார். கையைக் காட்டி ஸ்கூட்டியை நிறுத்தினார்.

“என்ட இடத்த எடுத்திராதீங்க புள்ள.”

கூட்டத்தில் எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவு, நான் ஒருத்தி மாற்ற முடியாது என்றேன். அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். வயலில் தூரத்தில் ஒரு மெசின் உழுதுகொண்டிருந்தது. வேறு ஆள் இல்லை. ஸ்கூட்டியின் முன்பக்கம் நான் மாட்டியிருந்த செபமாலையைத் தொட்டார்.

“ஆருக்கும் சொல்லமாட்டன் எண்டு உங்கட மாதாவில சத்தியம் பண்ணுங்க. மறுகா சொல்லுறன்.”

ஏதோ குடும்பச் சண்டையாக இருக்கும் என்று நினைத்துச் சத்தியம் பண்ணிவிட்டேன்.

“அவருக்கு வலிப்பு வாற,” என்றார்.

சண்டைக் காலத்தில் வாகரையிலிருந்து இடம்பெயர்ந்து வரும்போது ஷெல் பட்டதாம். தலைக்குள் சின்னத் துண்டு ஒன்று இன்னும் இருக்கிறதாம். எடுத்தால் ஆபத்து என்று வைத்தியர்கள் விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் வலிப்பு. மாதத்தில் ஒருக்கால் வரும்; சில நேரம் மூன்று மாதத்துக்கு வராது.

“மருந்து?”

“தந்தாங்க. அதக் குடிச்சா நித்திர நித்திரயா வருகுது. நித்திர தூங்குறவனுக்கு ஆரு படகு குடுப்பாங்க எண்டு உட்டுட்டாரு. கிளினிக்குக்குப் போறதெண்டாலும் ஒரு நாள் தொழில் போயிரும்.”

“அப்ப படகில வந்தா?”

“கை விரல் துடிக்கும் முதல்ல. அதுக்குள்ள நான் அவர இழுத்துப் படுக்க வெச்சிட்டு எஞ்சின எடுத்திருவன். ரெண்டு தரம் எடுத்திருக்கன்.” மிகச் சாதாரணமாகச் சொன்னார். “அதுக்குத்தான் நான் பின்னால போறன். ஊரு என்னவும் சொல்லட்டும்.”

“உங்களுக்குப் படகு ஓட்டத் தெரியுமா?”

“ஓட்டுவன். அவருக்குத் தெரிஞ்ச வழியெல்லாம் எனக்கும் தெரியும். இத வெளியில சொல்லிராதீங்க புள்ள. சொன்னீங்களெண்டா அவர்ட தொழில் முடிஞ்சி.”

அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. பணிமனைக்குச் சொன்னால் அவரை உடனே நிறுத்திவிடுவார்கள். வேறு படகுக்காரர் இல்லை; பாலத்தடி நீரோட்டத்தில் அறியாத ஒருவர் எடுத்தால் அதுவும் ஆபத்து. சொல்லாவிட்டால், இரண்டு கர்ப்பிணிகளையும் ஒரு பிள்ளையையும் அவர் கையில் நானே ஏற்றிவிடுகிறேன். பின்னேரம் மிஸ்ஸியிடம் பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

“அக்கா, வலிப்பு உள்ள ஒராள் படகு ஓட்டலாமா?”

அவர் கொப்பியிலிருந்து தலையை நிமிர்த்தினார். “ஏன், ஆருக்கு?”

“சும்மா கேட்டன்.”

“சும்மா கேக்கிற கேள்வியா புள்ள இது?”

நான் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் மண்டபத்தில் ஒட்டிய பட்டியலில் ஏழாவது பெயர் இல்லை. படகுக்கு ஓர் உதவியாள் கட்டாயம் வேண்டும் என்பது பணிமனையின் விதி என்று எழுதி, அந்தப் பெண்ணை உதவியாளாகப் போட்டேன். அப்படியொரு விதி இல்லை. மேசன் வந்து படித்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டுப் போனார்.

படகுக்காரரைக் கிளினிக்குக்குக் கொண்டுபோக வழி தேடலாம், அதற்கு இன்னும் நாள் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தக் கிழமையே மழை தொடங்கிவிட்டது.

*

மழை தொடங்கிய மூன்றாம் நாள் பாதை தண்ணீருக்குள் போனது. நான் அதற்கு முதல் நாளே வந்து கிராம சேவகர் வீட்டில் தங்கியிருந்தேன். விடிய எல்லாரையும் கரைக்கு வரச் சொன்னோம். கரை என்றால் பாதை தண்ணீருக்குள் இறங்கும் இடம். மழை விட்டிருந்தது, வானம் மட்டும் கறுப்பாக இருந்தது. எதிரே ஒரு கிலோமீட்டருக்குக் கபில நிறத் தண்ணீர். நடுவில் மருத மரங்களின் தலை தெரிந்தது. அவற்றுக்கு இடப் பக்கம் பாலம் இருக்க வேண்டும். தண்ணீர் அங்கே மட்டும் மடிந்து மடிந்து ஓடியது.

சிறுநீரகக்காரரைத் தூக்கி ஏற்றினோம். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. கர்ப்பிணிகள் இருவரும் நடுவில் உட்கார்ந்தார்கள். முட்டுக்காரப் பெண், பிள்ளை, பிள்ளையின் தாய். மிஸ்ஸி எல்லாருக்கும் உயிர்காப்பு அங்கியைக் கட்டிவிட்டார். படகுக்காரர் எஞ்சினைப் பிடித்துக்கொண்டு பின்னால் இருந்தார். அவருக்கு முன்னால் மனைவி.

நான் ஏறப் போகும்போது மேசன் வந்தார். தகப்பனை முதுகில் சுமந்துகொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் படகின் விளிம்பைப் பிடித்தார்.

“குழாய் ராவிலிருந்து அடைச்சிட்டு. வயிறு ஊதிட்டு. அவர ஏத்துங்க.”

மிஸ்ஸி குனிந்து கிழவரின் அடிவயிற்றில் கை வைத்துப் பார்த்தார். “இது போகோணும்,” என்றார். “இப்பவே போகோணும்.”

“பதினொண்டு ஏலாது,” என்றார் படகுக்காரர்.

“அப்ப உன்ட பொஞ்சாதி எறங்கட்டும்.”

படகில் இருந்த எல்லாரும் அந்தப் பெண்ணைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். படகுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “எறங்கு. நான் போய்ட்டு வந்திருவன்,” என்றார்.

அவர் அசையவில்லை.

“வெக்கமில்லையா கா உனக்கு?” என்று மேசன் கத்தினார். “மனிசன் சாகக் கிடக்கான்.”

“அவ இறங்கக் கூடாது,” என்றேன்.

“ஏன்?”

அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். கரையில் ஐம்பது பேர் நின்றார்கள். படகில் இருந்த கர்ப்பிணி ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னால் எல்லாரும் இறங்கிவிடுவார்கள். இறங்கினால் சிறுநீரகக்காரருக்கு நாளை என்று ஒன்று இருக்குமோ தெரியாது.

“நான் நிக்கிறன்,” என்றேன். “என்ட இடத்தில அவர ஏத்துங்க.”

பட்டியல் இருந்த பொலிதீன் பையை மிஸ்ஸியிடம் நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டார். மேசன் தகப்பனை ஏற்றிவிட்டுக் கரைக்கு வந்து என் பக்கத்தில் நின்றார். தண்ணீர் வடிய வடிய, “பெரிய உபகாரம் மிஸ்,” என்றார்.

படகு போனது. முதலில் நேராகப் போய், மருத மரங்களை நோக்கி வளைந்தது. எஞ்சின் சத்தம் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. நான் அந்தச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு நின்றேன். படகு மரங்களுக்குக் கிட்டப் போய்விட்டது. இன்னும் கொஞ்சத் தூரம் போனால் பாலத்தைத் தாண்டிவிடும்.

சத்தம் ஏறி, இறங்கி, நின்றுவிட்டது.

படகின் முன்பக்கம் மெல்லத் திரும்பியது. எங்களுக்கு அதன் முழுப் பக்கமும் தெரிந்தது. நீரோட்டம் அதைக் குறுக்காகப் பாலத்தின் பக்கம் இழுக்கத் தொடங்கியது. ஆட்கள் எழும்புவதும் விழுவதும் தெரிந்தது. அங்கிருந்து ஒரு குரலும் வரவில்லை, அவ்வளவு தூரம்.

“என்ன நடக்குது?” என்றார் மேசன். “ஏன் எஞ்சின் நிண்டது? என்ன நடக்குது மிஸ்?”

“அவருக்கு வலிப்பு வந்திட்டுது,” என்றேன்.

“ஆருக்கு?”

“படகுக்காரருக்கு. அவருக்கு முந்தியே இருக்கு.”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் தண்ணீருக்குள் ஓடினார். கழுத்தளவு வரை போனார். பின்னாலிருந்து இரண்டு பேர் பாய்ந்து பிடித்து இழுத்தார்கள். அவர் அப்பா, அப்பா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

படகின் பின்பக்கம் யாரோ எழும்பி நிற்பது தெரிந்தது. ஒல்லியான உருவம். கை ஒரு தரம் பின்னால் போனது. இன்னொரு தரம். மூன்றாவது தரத்தில் எஞ்சின் இருமியது, பிறகு பிடித்தது. படகு உடனே திரும்பவில்லை. பாலத்தடி வரை இழுபட்டு, அங்கே நின்று நடுங்குவதுபோல் இருந்தது. பிறகு முன்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்து நீர் வரும் பக்கம் திரும்பியது. மரங்களின் பின்னால் மறைந்தது. நீண்ட நேரம் கழித்து மறுகரைப் பக்கம் ஒரு சின்னப் புள்ளியாக அது தெரிந்தது.

*

படகில் நடந்ததை மிஸ்ஸியின் வாயிலிருந்துதான் பின்னர் அறிந்தேன். அந்தப் பெண் “புடிங்க அவர” என்று மட்டும் சொன்னாராம். கணவனைத் தள்ளி மிஸ்ஸியின் மடியில் விழுத்திவிட்டு எஞ்சினை எடுத்தாராம். ஒரு கர்ப்பிணி அவருடைய தலை பலகையில் அடிபடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். பிள்ளையின் தாய் தகரப் பேணியால் தண்ணீர் இறைத்தாள். கிழவருடைய குழாயை அக்கரையில் மாற்றினார்கள். சிறுநீரகக்காரர் அன்று மத்தியானம் பெரியாஸ்பத்திரியில் கட்டிலில் இருந்தார். படகுக்காரரையும் அதே அம்புலன்சில் ஏற்றிவிட்டார்கள்.

அவருடைய மனைவி அம்புலன்சில் போகவில்லை. ஒரு மணித்தியாலத்தில் படகை எடுத்துக்கொண்டு தனியாகத் திரும்பி வந்தார். இரண்டாவது தரத்துக்குப் பட்டியலில் இன்னும் நான்கு பேர் இருந்தார்கள். படகு கரையில் முட்டி நின்றது. அவர் எஞ்சினை நிறுத்தவில்லை.

“ஏறுங்க,” என்றார்.

ஒருவரும் ஏறவில்லை. எல்லாருக்கும் அதற்குள் விசயம் தெரிந்துவிட்டது. கூட்டத்தில் சிரித்த அதே முகங்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றன. நான் ஏறினேன். தைரியத்தில் ஏறவில்லை, அவ்வளவு பேரையும் அனுப்பிவிட்டு நான் ஏறாமல் நிற்க வெட்கமாக இருந்தது. எனக்குப் பின்னால் மேசன் ஏறினார், தகப்பனைப் பார்க்கப் போக வேண்டும் என்று. எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். பிறகு மற்றவர்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள்.

பாலத்தடி வந்ததும் அந்தப் பெண் படகை வளைத்து எடுத்தார். எந்த இடத்தில் வேகத்தைக் கூட்ட வேண்டும், எந்த இடத்தில் விட வேண்டும் என்று அவர் கைக்குத் தெரிந்திருந்தது. மறுபடியும் தொடங்கிய மழையும் கண்ணீரும் கலந்து அவர் முகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை, இரண்டு கையும் எஞ்சினில் இருந்தன.

*

வெள்ளம் வடிந்த பிறகு பணிமனையில் விசாரணை நடந்தது. முந்தியே தெரியுமா என்று எங்கள் அதிகாரி கேட்டார். தெரியும் என்றேன். விதி ஒன்றை நானாக எழுதியதையும் சொன்னேன். எழுத்தில் விளக்கம் கேட்டார்கள், கொடுத்தேன். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று என் பணிக் கோப்பில் சேர்ந்தது. அதைப் பற்றி எனக்குக் குறை இல்லை.

மிஸ்ஸி ஒரு மாதத்துக்கு மேல் என்னோடு பேசவில்லை. கிளினிக் நாளில் நான் போனால் வேலையில் மும்முரமாக இருப்பார். ஒரு நாள் நான் விடாமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். கடைசித் தாயும் போன பிறகு பேசினார்.

“என்னையும் ஏத்தினாய் புள்ள. நிறமாதப் பொம்புளைகள் ரெண்டு பேர என்னை நம்பி ஏத்தினாய். எனக்குச் சொல்லியிருந்தா அவன் பக்கத்தில இருந்திருப்பன். மருந்து கொண்டந்திருப்பன். அந்த நாளுக்கு முதலே அவன் கையக் காலப் புடிச்செண்டாலும் கிளினிக்குக்குக் கொண்டுபோயிருப்பன்.”

“சத்தியம் பண்ணிட்டன் அக்கா.”

“சத்தியத்த நீ காப்பாத்தினாய். எங்கள?”

ஊரில் சிலர், அந்தப் பெண்ணை இறக்காமல் வைத்ததால்தான் எல்லாரும் பிழைத்தார்கள் என்பார்கள். எனக்கு அது முழு ஆறுதலாக இருந்ததில்லை. கணக்குத் தவறாமல் முடிந்ததற்கு நான் காரணமில்லை. மூன்றாவது இழுப்பில் பிடித்த எஞ்சின்தான் காரணம்.

படகுக்காரரைப் பார்க்கப் போனபோது அவர் மரத்தடியில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். மருந்தை மாற்றிக் கொடுத்திருந்தார்கள். இந்த மருந்தில் அவ்வளவு நித்திரை இல்லை என்றார். இனிப் படகை ஓட்டக் கூடாது என்றும் சொல்லியிருந்தார்கள். அவர் கண்ணைத் தூக்கி என்னைப் பார்க்கவில்லை.

“ரெண்டு பொம்புளையளும் எனக்குப் பின்னால கதச்சி முடிவெடுத்திருக்கீங்க. என்னட்ட ஒரு சொல் கேட்டிருக்கலாம்.”

“கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்களா?”

கையிலிருந்த ஊசியை இரண்டு தரம் இழுத்த பிறகுதான் பதில் வந்தது.

“இல்ல,” என்றார். “ஆனா கேட்டிருக்கலாம்.”

அவருடைய மனைவி படகோடு கிரான் பக்கம் போயிருந்தார். மீன்பிடிச் சங்கம் படகை அவர் பெயருக்கு மாற்றிவிட்டது. தொடக்கத்தில் இரண்டு மூன்று பேர் முணுமுணுத்தார்கள். ஏறிப் பார்த்த பிறகு நின்றுவிட்டார்கள்.

அடுத்த மாரிக்கு முன்னால் மறுபடியும் வீடு வீடாகப் போக வேண்டி வந்தது. மிஸ்ஸி ஒரு நிபந்தனையோடு வந்தார். “இனி உனக்குத் தெரிஞ்சது எனக்கும் தெரியோணும். ரெண்டு பேருக்குள்ள இரிக்கட்டும், வெளியில போகத் தேவல்ல.” நான் ஓம் என்றேன். நாங்களாகவே சில மாற்றங்கள் செய்தோம். மண்டபத்தில் வருத்தங்களை ஒட்டவில்லை, ஆளுக்கொரு இலக்கம் கொடுத்து அதை மட்டும் ஒட்டினோம். வீட்டில் ஒருவர் எல்லாருக்குமாகப் பதில் சொல்வதை விட்டுவிட்டு, ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்டோம். இருட்டு விழும் வரை சில வீடுகளில் இருந்தோம்.

அப்படி இருந்தபோதுதான் தெரிந்தது, அந்த ஊரில் உடம்புக்குள் ஷெல் துண்டோடு இருப்பவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை. காலில், முதுகில், தோளில். மழைக் காலத்தில் அந்த இடம் நோவெடுத்துக் கொதிக்கும் என்றார்கள். முந்திய வருடம் ஏன் சொல்லவில்லை என்று ஒருவரிடம் கேட்டேன். “அது வருத்தம் எண்டு நாங்க நினைக்கல்ல மிஸ். எல்லாருக்கும் கிடக்குதுதானே,” என்றார். வலிப்புக்கு மருந்து குடிப்பதை விட்டவர்களும் இருந்தார்கள். ஊருக்கு முதலில் என்ன வேண்டும் என்று பணிமனை கேட்டபோது நாங்கள் படகைக் கேட்கவில்லை. இந்த வருத்தங்களுக்கு ஊருக்குள்ளேயே ஒரு கிளினிக் நாள் கேட்டோம். மாதம் ஒன்று கேட்டதற்கு இரண்டு மாதத்துக்கு ஒன்று தந்தார்கள். வைத்தியர் வராத மாதத்தில் மருந்தை மிஸ்ஸி கொண்டுவந்து கொடுப்பார்.

அந்த மாரியில் பாதை இரண்டு நாள்தான் தண்ணீருக்குள் இருந்தது. படகு நான்கு தரம் போய் வந்தது. மூன்றாவது தரம் ஏறும்போது ஒரு கர்ப்பிணியின் தாய் படகை ஓட்டும் பெண்ணிடம், “எங்க கா உன்ட மனிசன், இண்டைக்குப் பின்னால காணல்ல?” என்று கேட்டாள். “ஊட்ட சோறாக்கிறாரு,” என்றார் அவர். எல்லாரும் சிரித்தோம். எஞ்சின் முதல் இழுப்பிலேயே பிடித்தது.